பாலாவி உப்பும் ஒன்ராறியோ பனியும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், இங்கே நாங்கள் இரவு உணவை முடித்துக்கொண்டிருந்த வேளையில், கனடாவிலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்காபரோவில் வாழ்ந்தவன். அண்மையில்தான் ரொறன்ரோ நகரத்தை விட்டு ஒன்றரை மணி நேரப் பயணத்தூரத்தில், நாட்டுப்புறத்தில் நிலத்துடன் கூடிய பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபெயர்ந்திருந்தான். வீட்டோடு சேர்த்து முப்பத்தைந்து குதிரைவலு கொண்ட சிறிய டிராக்டர் ஒன்றையும் வாங்கியிருக்கிறான்.

"மாமா, இந்த டிராக்டருக்குப் பின்னால பிளேட் பூட்டுறதா, முன்னால பக்கட் பூட்டுறதா, இல்லாட்டி ஸ்னோ புளோவர் வாங்குறதா? ஆளுக்கொரு கதை சொல்லுறாங்கள்" என்றான்.

வீதியிலிருந்து அவன் வீட்டு வாசல் வரை அறுபது மீற்றர் நீளத்துக்குச் சரளைக் கல் பரப்பிய பாதை. டிரைவ்வே என்பார்கள். பனி பெய்தால் அதைத் துப்புரவு செய்யாமல் வாகனம் வெளியேற முடியாது. பிள்ளைகளின் பாடசாலை, மனைவியின் வைத்தியசாலை வேலை எல்லாம் அந்தப் பாதையில்தான் தங்கியிருக்கின்றன.

"பனியை நான் கண்ணாலும் கண்டதில்லையே, என்னிடம் கேட்கிறாயே" என்று சிரித்தேன்.

"நீங்கள் உப்பளத்தில வளர்ந்த ஆள்தானே மாமா. வெள்ளையாக் கிடக்கிறதை வழிச்சு ஒதுக்குற வேலைதானே இரண்டும்" என்றான். சற்றுத் தாமதித்து, "அப்பா இனிச் சவள் பிடிக்கக் கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்றும் சொன்னான்.

என் மைத்துனர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்காபரோ வீட்டு வாசலில் சவளால் பனி அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தவர். கடுங்குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கும். அந்த நேரத்தில் பாரமும் தூக்கினால் இதயம் தாங்காது. குளிர் நாடுகளில் ஒவ்வொரு ஆண்டும் பனி அள்ளும்போது மாரடைப்பு வந்து இறப்பவர்கள் உண்டு. ஆகவே மருமகனின் கேள்வி இயந்திரப் பொழுதுபோக்கு அல்ல. அவன் தன் தகப்பனின் கையிலிருந்து சவளை வாங்கி வைக்க வழி தேடுகிறான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கூறி வைத்தேன். யோசிக்க யோசிக்க, எங்கள் புத்தளம் கரையின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குப் பின்னால் வந்து நின்றது.

உப்பால் அறியப்பட்ட கரை

புத்தளம் என்றதும் வெளிநாட்டு வாசகர்களுக்கு நினைவு வரக்கூடியவர் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா. 1344 ஆம் ஆண்டு அவர் வந்திறங்கி, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததாக எழுதிய 'பத்தாலா' எங்கள் புத்தளமே என்பது ஆய்வாளர்களின் கருத்து. அவர் கண்டு வியந்தவை முத்தும் கறுவாவும்.

ஆனால் மலைநாட்டு மக்களுக்குப் புத்தளம் என்றால் உப்புத்தான். 1660 இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, 1679 இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் கண்டி இராச்சியத்துக்கு மேற்குக் கரையில் புத்தளத்திலிருந்து உப்பு வந்ததைக் குறிப்பிடுகிறார். பேராதனையில் வரலாறு படித்த காலத்தில் நூலகத்தில் அந்தப் பக்கத்தைக் கண்டபோது, சொந்த ஊரின் பெயரை அச்சில் பார்த்த பெருமை எனக்கு ஏற்பட்டது.

மலைநாட்டில் நெல் விளையும், பாக்கு விளையும், மிளகு விளையும், உப்பு விளையாது. பொதிமாடுகளின் நிரைகள் காட்டு வழியே கரைக்கு இறங்கும். 'தவளம்' என்று அவற்றுக்குப் பெயர். பாக்கைக் கொடுத்து உப்பை ஏற்றிக்கொண்டு திரும்பும். சங்க காலத்துத் தமிழகத்தில் உமணர்கள் வண்டிகளில் உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றதைப் போன்றதுதான் இதுவும்.

உப்பு இல்லாமல் எந்த நாடும் வாழ முடியாது. ஆகவே உப்பு விளையும் கரையைப் பிடித்தவன் உள்நாட்டின் கழுத்தைப் பிடித்தவன் ஆகிறான். டச்சுக்காரர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். புத்தளக் களப்பின் வாயிலைப் பார்த்தபடி கற்பிட்டியில் அவர்கள் 17 ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. போரின் பின்னர் 1766 இல் கண்டியரசனுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் தீவின் கரை முழுவதும் டச்சுக்காரர் வசமாயிற்று. கண்டி மக்கள் தம் காலடியில் விளையும் உப்பை எடுப்பதற்கான உரிமைகூட உடன்படிக்கையில் தனியாகப் பேசிப் பெறவேண்டிய ஒன்றாகிவிட்டது.

பின்னர் வந்த பிரித்தானியர் உப்பை அரசின் ஏகபோகமாக வைத்திருந்தனர். விளைவிப்பவனிடம் குறைந்த விலைக்கு வாங்கி, உண்பவனிடம் பல மடங்கு விலைக்கு விற்கும் முறை அது. பின்னாளில் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரச அதிபராக இருந்தபோது அவருடைய முக்கிய கடமைகளுள் ஒன்று உப்புச் சேகரிப்பை மேற்பார்வை செய்வதுதான். 1930 ஏப்ரலில் காந்தி தண்டியிலும், அதே மாதம் இராஜாஜி வேதாரணியத்திலும் உப்பு அள்ளியது எந்த அநீதிக்கு எதிராகவோ, அதன் இன்னொரு கிளை பாக்குநீரிணைக்கு இப்பாலும் இருந்தது.

கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கையின் ஊர்களுக்கெல்லாம் ஒரு விவரத்திரட்டை வெளியிட்டார். 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை எழுதினார். அரசர்களையும் புலவர்களையும் பற்றி எழுதுவதற்கு எங்கள் கரையில் ஆட்கள் இருந்தார்கள். உப்பை வழித்தவர்களின் வரலாற்றை எழுதத்தான் எவருமில்லை. அவர்கள் கையில் பிடித்திருந்த கருவியைப் பற்றியும் அதிகம் எழுதப்படவில்லை.

உப்பு எப்படி எடுக்கப்படுகிறது?

என் பெரியப்பா பாலாவியில் உப்பளக் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பாடசாலை விடுமுறைகளில் அவருடன் வரப்புகளில் நடந்து திரிந்தது என் இளமையின் பெரும்பகுதி.

களப்பு நீரை முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்துவார்கள். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச, அது பாத்தியிலிருந்து பாத்திக்கு நகரும். நீரின் அடர்த்தியை அளக்க 'போமே' என்ற அளவுகோல் உண்டு. சாதாரணக் கடல்நீர் அதில் மூன்றரைப் பாகை. பதின்மூன்று பதினாலு பாகைக்கு மேல் ஜிப்சம் படியத் தொடங்கும். இருபத்தைந்து பாகையை எட்டும்போது உப்புப் பூக்கும். முப்பதை நெருங்க விட்டால் கசப்பான மக்னீசிய உப்புகள் கலந்துவிடும். அதற்கு முன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். பெரியப்பா அளவுமானியை விட நீரின் நிறத்தைத்தான் அதிகம் நம்பினார். நீர் இளஞ்சிவப்பாக மாறினால், "பிள்ளை, இனி மழை வரப்படாது எண்டு கும்பிடு" என்பார்.

பாத்தியின் தளம் களிமண். மனிதர் கால்களால் மிதித்து மிதித்து இறுக்கிய தளம். அதன்மேல் ஓரிரு அங்குலக் கனத்தில் உப்புப் படையாக உறையும். நீண்ட காம்பு பொருத்திய மரப்பலகையால் அதை உடைத்து, வழித்து, சிறு குவியல்களாக்குவார்கள். பின்னர் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பில் கொட்டுவார்கள். வரப்பில் குவிந்த உப்பைக் கிடுகால் வேய்ந்து மழையிலிருந்து காப்பார்கள்.

பலகையைப் பிடிப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. அழுத்தினால் களிமண் உப்போடு வந்துவிடும். அழுத்தாவிட்டால் பாதி உப்புத் தளத்தில் தங்கிவிடும். உப்பின் அடியில் மெல்லிய தோல்போன்ற ஒரு படையை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுக்கவேண்டும். இரும்பு வேண்டாம், மரம் போதும் என்று அவர்கள் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பது மற்றக் காரணம்.

டிராக்டர் வந்த கதை

டிராக்டருக்குப் பின்னால் விரும்பிய கருவியைப் பூட்டலாம் என்ற வசதி இயற்கையாக வந்ததல்ல. ஆரம்பகால டிராக்டர்கள் மாட்டைப்போலக் கலப்பையைச் சங்கிலியால் இழுத்தன. அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்கசன் மூன்று புள்ளிகளில் கருவியைப் பிணைத்து, நீரியல் விசையால் அதை உயர்த்தித் தாழ்த்தும் முறையை உருவாக்கி 1926 இல் காப்புரிமை பெற்றார். கலப்பை, பலகை, அலகு, பரம்பு எதையும் சில நிமிடங்களில் மாற்றிப் பூட்டும் இன்றைய வழக்கம் அதிலிருந்து வந்தது. 1946 முதல் 1956 வரை அவருடைய சிறிய சாம்பல் நிற டிராக்டர் ஐந்து இலட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது. 1953 இல் அவருடைய நிறுவனம் கனடாவின் மாசி ஹரிசுடன் இணைந்தது. அதன் தலைமையகம் அப்போது ரொறன்ரோவில் இருந்தது! எங்கள் ஊர்த் தென்னந்தோட்டங்களில் நான் சிறுவயதில் ஏறி விளையாடிய மாசி பேர்கசனின் பூர்வீகம், இன்று என் மருமகன் வாழும் மாகாணம் என்பது எனக்கு மிகப் பிந்தியே தெரிந்தது.

இருசக்கர டிராக்டரை எங்கள் மக்கள் எந்த நிறுவனத்தின் தயாரிப்பானாலும் 'லாண்ட்மாஸ்டர்' என்றே அழைப்பார்கள். அந்தப் பெயருக்குரிய இயந்திரத்தை 1950 களில் வடிவமைத்தவர் இலங்கையரான பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924 - 2010). உலகின் பல நாடுகளுக்குச் சென்ற இயந்திரம் அது. ஆனால் பிற்காலத்தில் அவரே, நாம் வேளாண்மையை முன்னேற்றினோமா அல்லது எருமையை இயந்திரமாக்கினோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டவர். மண்ணைப் புரட்டாமல் பயிர் செய்யும் முறைக்காகக் கடைசிவரை வாதாடினார். தாம் படைத்த கருவியை இவ்வாறு பகிரங்கமாக விசாரணை செய்தவர்கள் மிகச் சிலரே.

உப்பளத்துக்கும் டிராக்டர் வந்தது. வரப்பு ஓரமாகப் பெட்டியை இழுத்துச் சென்று உப்பை ஏற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. பாத்திக்குள் இறங்கவில்லை.

ஒரே ஒரு தடவை இறங்கியதைக் கண்டிருக்கிறேன். 1980 களின் தொடக்கம். தோட்டத்துப் பாதைகளைச் சமப்படுத்தும் இரும்பு அலகைப் பின்னால் பூட்டிய டிராக்டர் ஒன்றை, அக்கம்பக்கத்தில் சில பாத்திகளை வைத்திருந்த ஒருவர் பாத்திக்குள் இறக்கினார். ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. இருபது பேர் ஒரு நாள் முழுவதும் செய்யும் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. எல்லோரும் வாயைப் பிளந்தோம். கூலிக்காரர்கள் மட்டும் பேசாமல் நின்றார்கள்.

ஆனால் குவிந்த உப்பு பழுப்பு நிறம். சக்கரங்கள் சென்ற தடத்தில் களிமண் தளம் அரை அடி ஆழத்துக்குப் பிளந்திருந்தது. அடுத்த முறை நீர் பாய்ச்சியபோது அந்தப் பாத்தியில் நீர் நிற்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அது வீணாயிற்று.

"அவன் உப்பை வழிக்கேல்லை. தளத்தை வழிச்சிட்டான்" என்றார் பெரியப்பா.

அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை?

உலகில் இயந்திரத்தால் உப்பு எடுக்கும் இடங்கள் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் டாம்பியர் உப்பளங்களில் 1970 களிலிருந்து பிரமாண்டமான அறுவடை இயந்திரங்கள் பாத்திக்குள் ஓடுகின்றன. அங்கே சக்கரம் மண்ணைத் தொடுவதில்லை. முதலில் கனமான உப்புத் தளம் ஒன்றை உருவாக்கி, அதை எடுக்காமல் நிரந்தரமாக விட்டுவிடுகிறார்கள். அதன்மேல் வளரும் உப்பைத்தான் இயந்திரம் சீவுகிறது.

அந்தத் தளம் உருவாக நீண்ட வறட்சி வேண்டும். டாம்பியரில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 300 மில்லிமீற்றர். புத்தளத்தில் 1,000 மில்லிமீற்றருக்கு மேல். ஒக்டோபரில் தொடங்கும் மழை எங்கள் பாத்திகளை மீண்டும் வெறும் களிமண்ணாக்கிவிடும். நிரந்தர உப்புத் தளம் இங்கே நிற்காது. எங்கள் மக்கள் பழமைவாதிகள் என்பதனால் பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வானமும் மண்ணும் விட்ட வழி அது.

இப்படித்தான் நான் பல ஆண்டுகள் பெருமையாகச் சொல்லி வந்தேன். பத்திரிகையில் எழுதியும் இருக்கிறேன். அந்தப் பெருமையை ஒருவர் உடைத்தார்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். கையில் எதுவுமில்லாமல் வந்தவர்களைப் புத்தளத்து மக்கள் ஏற்று உணவளித்தார்கள். ஓலைக் கொட்டில்களில் முகாம்கள் எழுந்தன. பிழைப்புக்கு வெங்காயத் தோட்டங்களும் உப்பளங்களும்தான் இருந்தன. சொந்த ஊரில் வயலும் வள்ளமும் வைத்திருந்த குடும்பங்களின் பெண்கள் இங்கே நாட்கூலிக்கு உப்புச் சுமந்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, கையால் எடுக்கும் உப்பின் சிறப்பை வியந்து நான் எழுதிய கட்டுரை ஒன்று வெளியாகியிருந்த நேரம், பாலாவியில் அத்தகைய பெண் ஒருவரைச் சந்தித்தேன். கட்டுரையை அவருடைய மகன் வாசித்துக் காட்டியிருந்தானாம்.

"கையால எடுக்குற உப்புத்தான் நல்ல உப்பு எண்டு எழுதியிருக்கீங்க, மகன். என்ட கையைப் பார்த்துட்டா எழுதினீங்க?" என்று கேட்டு இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

வெடித்து, வெளிறி, ஆறாத கீறல்களுடன் இருந்த கைகள். உப்பளத்தில் கீறல் ஆற நாட்கள் எடுக்கும். அவற்றைப் பார்த்த பின்னர், மண்ணின் தளத்தைப் பற்றி மட்டும் எழுதி மனிதரின் முதுகைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன் என்பது புரிந்தது.

"அப்படியென்றால் மெசின் வரவேண்டுமா அம்மா?" என்று கேட்டேன்.

"மெசின் வந்தா எங்கட அடுப்பு எரியாது. கூடை போனாப் போதும்" என்றார்.

அன்றிலிருந்து நான் அந்தப் பதிலைத்தான் சுமந்து திரிகிறேன். மரப்பலகையா, இராட்சத இயந்திரமா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் இடையில் எத்தனையோ கருவிகள் இருப்பதை மறந்துவிடுகிறோம். தலைச்சுமைக்குப் பதிலாகப் பலகைப் பாதைமேல் உருளும் தள்ளுவண்டி, வரப்பில் நிற்கும் இயந்திரத்தின் விசையில் உப்பை மேலே ஏற்றும் நாடா, காலுக்கு நல்ல சப்பாத்து, கைக்கு உறை. கொஞ்சம் மண் கலந்தாலும் நிறைசெறிவான உப்புநீரால் கழுவினால் உப்புக் கரையாமல் மண் போய்விடும். அதற்கும் ஆலைகள் உண்டு. இவற்றுள் எதுவும் பாத்தியின் தளத்தை உடைப்பதில்லை. எவருடைய கூலியையும் முற்றாகப் பறிப்பதுமில்லை. இவற்றுள் சில சில இடங்களுக்கு வந்தன. ஆனால் கூடை போய்விடவில்லை.

கவனிக்காமல் விட்டதன் விலையை நாடு அண்மையில் கண்டது. ஆனையிறவு உப்பளம் போரினால் 1990 இல் நின்றுபோன பின்னர், புத்தளமும் அம்பாந்தோட்டையுமே நாட்டின் உப்பைத் தாங்கின. 2024 இன் இறுதியில் பெய்த மழை விளைச்சலைக் கெடுக்க, கடலால் சூழப்பட்ட இலங்கை 2025 ஜனவரியில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது! அதே ஆண்டு மார்ச்சில் ஆனையிறவில் புதிய உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆனாலும் மே மாதம் கொழும்புக் கடைகளில் உப்புப் பொதிக்கு அலைந்தவர்களுள் நானும் ஒருவன். மழைக்கு முன் வேகமாக உப்பை எடுத்து வரப்பேற்ற ஒரு வழி இருந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று அப்போது நினைத்தேன். கருவியைத் தேர்வது வெறும் தொழில்நுட்ப விடயமல்ல.

மருமகனுக்குச் சொன்னது

இரண்டு வாரங்கள் வாசித்தும், குளிர் நாட்டு நண்பர்களிடம் விசாரித்தும் மருமகனை அழைத்தேன்.

முதலில் கணக்கு. அறுபது மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், இருபது சென்ரிமீற்றர் பனி. மொத்தம் நாற்பத்தெட்டுக் கனமீற்றர். புதிதாய் விழுந்த பனி கனமீற்றருக்கு நூறு கிலோ என்று கொண்டாலும் ஏறத்தாழ ஐந்து தொன். ஈரப்பனியானால் அதன் மும்மடங்கு. பத்து மீற்றர் சதுரமான உப்புப் பாத்தியில் ஓர் அங்குல உப்பு ஏறத்தாழ மூன்று தொன். "உன் அப்பா ஒவ்வொரு பனிக்கும் ஒன்றரைப் பாத்தி உப்பைத் தூக்கியிருக்கிறார்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"நீ பனியைப் பார்த்துக் கருவியைத் தேடுகிறாய். முதலில் பனிக்குக் கீழே இருப்பதைப் பார்" என்று தொடர்ந்தேன். அவனுடையது சரளைப் பாதை. இரும்பு அலகை நிலத்தோடு அழுத்தினால் பனியோடு சரளையும் வழிக்கப்பட்டு, வசந்தத்தில் புல்வெளி முழுவதும் கல்லாகக் கிடக்கும். பனியை உறிஞ்சி வீசும் இயந்திரமோ அந்தக் கற்களைச் சன்னம்போல எறியும். கண்ணாடியும் போகும், கண்ணும் போகும். ஆகவே எதைப் பூட்டினாலும் அதன் அடியில் சறுக்குப் பாதங்களைப் பொருத்தி ஓர் அங்குலம் உயர்த்தி வைக்கவேண்டும். முதல் பனியை முற்றாக வழிக்காமல் மிதித்து இறுகவிட்டால், அது உறைந்து சரளைக்குமேல் ஒரு தளமாகிவிடும். அதன் பிறகு வழிப்பது எளிது. டாம்பியர்க்காரர் உப்பில் செய்வதும் இதுதானே!

அடுத்தது, வழித்த பனியை எங்கே வைப்பது? அலகு ஓரத்தில் ஒதுக்கும். ஒதுக்கிய வரம்பு உறைந்து கல்லாகும். குளிர்காலத்தின் நடுவில் பாதை குறுகிவிடும். இடம் தாராளமாக இருந்து பனி அளவாகப் பெய்தால் பின்புற அலகே மலிவானது, பழுது குறைந்தது. முன்புறப் பக்கட் வேகமாக வழிக்காது. ஆனால் குவிந்ததை அள்ளித் தூர வைக்க அதுவே உதவும். காற்று பனியைக் கொண்டுவந்து மலையாகக் குவிக்கும் வெளியானால் வீசும் இயந்திரம்தான் வழி. 1925 இல் கியூபெக்கைச் சேர்ந்த ஆதர் சிக்காட் அதை உருவாக்கியதும் அத்தகைய பனிக்குத்தான். ஆனால் அது விலை கூடியது. டிராக்டரின் வலுவை நிறையக் குடிக்கும். அடைத்துக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தாமல் கையை விடவே கூடாது.

"உன் வீட்டைச் சுற்றி மரங்கள் உண்டா, வெறும் வெளியா?" என்று கேட்டேன்.

"இரண்டு பக்கமும் மரம், மாமா."

"அப்படியானால் இந்த ஆண்டு பின்புற அலகும் முன்புறப் பக்கட்டும் போதும். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டு. ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு மிச்சத்தை யோசி" என்றேன்.

"உப்புப் போடவா மாமா?" என்று கேட்டான்.

ரொறன்ரோவின் வீதிகளில் பனியைக் கரைக்க உப்பைத்தான் கொட்டுகிறார்கள். ஒன்ராறியோவின் கொட்ரிச் என்ற ஊரில், ஹியூரன் ஏரியின் அடியில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1866 இல் எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு அங்கே கிடைத்தது உப்பு. இயந்திரங்கள் சுரங்கத்துக்குள் வெட்டி எடுக்கும் அந்த உப்பைப் பனியின்மேல் தூவுகிறார்கள். பூச்சியத்துக்குக் கீழ் பத்துப் பாகையைத் தாண்டினால் அதுவும் பெரிதாக வேலை செய்யாது.

"சரளைப் பாதைக்கு உப்பு வேண்டாம். மணல் போடு. கிணற்றுக்கும் நல்லது" என்றேன்.

உப்பை வாகனங்களின் சக்கரத்தடியில் கொட்டுவதை நினைக்க எனக்கு என்னவோ செய்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. அந்த உப்பால் விபத்துகளிலிருந்து தப்பியவர்கள் எத்தனையோ பேர்.

பெப்ரவரியில் அவன் அனுப்பிய காணொளி ஒன்று வந்தது. பாதை வழிக்கப்பட்டிருக்கிறது. இருமருங்கிலும் பனி வரம்புகள். டிராக்டரின் ஆசனத்தில் மருமகன் அல்ல, கனமான மேலங்கியும் காதுகளை மூடிய தொப்பியுமாக என் மைத்துனர் அமர்ந்திருக்கிறார். நெம்புகோலைத் தாழ்த்துகிறார், உயர்த்துகிறார். முகத்தில் சிறுபிள்ளையின் சிரிப்பு.

அதை இரண்டு மூன்று தடவைகள் பார்த்தேன். பின்னர் பாலாவியில் கைகளை விரித்துக் காட்டிய அந்த அம்மாவின் நினைவு வந்தது. உயிரோடிருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். கடந்த முறை அந்த வழியாகச் சென்றபோதும் வரப்பில் பெண்கள் கூடை சுமந்துகொண்டுதான் இருந்தார்கள்.